பெயர் மாற்றப்பட்ட இருவர்

பாதுகாப்பு கருதிப் பெயர்களை மாற்றியிருப்பதாக மேஜர் தன் போர்நூலின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். அந்த ரகசியப் பயணத்தில் செத்தது இரண்டே பேர்: ஞானப்பூவின் மகன் ஆசீர், இன்னொருவன் பஞ்சாபிப் பையன். நூலில், கயிற்றைப் பல்லில் கடித்தபடி ஆற்றை நீந்திக் கடந்து குண்டடிபட்டவன் விக்ரமாம். துப்பாக்கியைப் போட்டுவிட்டு, தாயைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டே ஓடும்போது சுடப்பட்டவன் மோகனாம்.

வெளியீட்டு விழாவில் கையெழுத்து வாங்கும் வரிசையில் ஞானப்பூ மறுபடியும் வந்து நின்றாள்.

"இதுல எம் பிள்ளை எவன், சார்?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"பேரு வேண்டாம்." அவள் புத்தகத்தை விரித்து அவர் முன் வைத்தாள். "ஓடினவன் எந்தப் பாஷையில கூப்பிட்டான்? அதை மட்டும் சொல்லுங்க."

மேஜர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். அவள் நகரவில்லை.