நான்காவது தடவை

பல்லடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் பிரவுசிங் சென்டரில், கல்லூரி விண்ணப்பத்தின் பாடப்பிரிவுக் கட்டத்தை மூன்றாவது தடவையாக அழிக்கிறேன். "பயோகெமிஸ்ட்ரியும் வேண்டாம் அம்மணி, ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கோணும்னு மச்சான் சொல்றாரு," என்கிறார் கோழிப்பண்ணை தனபால், காதிலிருந்து போனை எடுக்காமலே. முதலில் போட்டது வெறும் கெமிஸ்ட்ரி. அதற்கு வாத்தியார் வேலைதான் கிடைக்குமாம். இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி என்றால் சாயப்பட்டறையில் நிற்க வேண்டுமாம். இவ்வளவும் தெரிந்த மச்சான் தேங்காய் வியாபாரி. படிக்கப்போகிற மகள் அக்ஷயாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழித்தீவனம் பரிசோதிக்கும் லேபுக்குக் கொண்டுபோக அப்பா மேசையில் வைத்திருக்கும் மக்காச்சோளப் பையின் முடிச்சை அவள் அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருக்கிறாள். வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்தை மறைக்கிறது. வாசல் வரை வரிசை நிற்கிறது. தனபாலின் போனில் இன்னொரு அழைப்பு வருகிறது. அந்த லேபிலிருந்து. அவர் குரல் உயர்கிறது. "டெஸ்ட் பண்ற அந்தம்மா லீவுன்னா வேற ஆரும் பாக்க மாட்டீங்களா? பூஞ்சை விஷம் இருக்குதா இல்லையான்னு தெரியாம பத்தாயிரம் கோழிக்கு எப்படீங்க சோளத்தைப் போடறது?" போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். அக்ஷயா முடிச்சை இறுக்குகிறாள். "ஏனுங்கப்பா, அந்தக்கா என்ன படிச்சிருக்காங்க?" மச்சானின் பெயர் போனில் மறுபடி ஒளிர்கிறது. தனபால் எடுக்கவில்லை. நான் யாரையும் கேட்காமல், முதலில் போட்ட கெமிஸ்ட்ரியையே மறுபடி அடிக்கிறேன்.