முன்பின் தெரியாத இருவர்

இயந்திரத்துக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் டெரெக் நினைத்தான்.

வாரம் ஒருமுறை கம்பெனி கணினித் திரை வழியாக நடத்தும் ‘காபி நட்பு’ அரட்டைக்காக, உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் முன்பின் தெரியாத ஊழியர் ஒருவரை அது அவனோடு கோத்துவிடும். போன வாரம் சாவோ பாவ்லோவிலிருந்து ஒருவர் வந்து தன் முழங்கால் வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

இந்த வாரம் திரையில் வந்தவள் மெரிடித்.

அவன் மனைவி.

அவன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தான். அவள் அதே வீட்டின் மாடியறையில் இருந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. பேசிக்கொண்டதாகப் பதிவே இல்லாத இருவரைப் பேசவைப்பதுதான் அதற்கு இட்ட வேலை. டெரெக் டப்ளின் குழுவுக்காக விடியுமுன் எழுந்து உட்காருகிறவன். மெரிடித் சிங்கப்பூர் குழுவுக்காக நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருப்பவள். உலகத்தையே ஒரு மேஜையில் உட்காரவைப்போம் என்று சியாட்டில் பேருந்துகளில் எல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கிறது கம்பெனி. உலகமும் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் யாரும் உட்காருவதில்லை. கம்பெனி அனுப்பிய பரிசுப் பெட்டிகள் அதன்மேல் பிரிக்கப்படாமல் கிடந்தன.

சந்திப்பைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. தோழமை மதிப்பெண் குறைந்தவர்களின் பெயர்தான் ஆள்குறைப்பில் முதலில் அடிபடும். மனிதர்களோடு பழகத் தெரியாதவர்களை ரொம்ப அன்பாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவைப்பது அங்கே வழக்கம். அவர்கள் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

“ஹலோ, நான் டெரெக். நீங்க எந்த டீம்?” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. “ஆசியா விற்பனை. உங்க பின்னால தெரியுற மலைப் படம் ரொம்ப அழகா இருக்கு. அந்த மலைக்குப் பின்னால மடிக்காத துணி ஒரு மூட்டை இருக்கணுமே?”

“நீங்க எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்லையே, எப்படித் தெரியும்?”

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாய் என்று கேட்டால் வம்பு, கேட்காமல் விட்டான். முகத்தைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு, திரையின் பக்கத்து ஜன்னலில் மின்னஞ்சல் ஒன்றைத் திறந்துகொண்டான். அந்தக் கம்பெனியில் அது எல்லோருக்கும் கைவந்த கலை.

தயக்கம் உள்ளவர்கள் பேச வசதியாக இயந்திரம் ஒரு கேள்வியை எடுத்துக்கொடுத்தது: ‘வரும் ஆண்டில் நீங்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது என்ன?’

“முதல்ல நீங்க சொல்லுங்க,” என்றான்.

மெரிடித்தின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“டப்ளினுக்குக் கூப்பிடுறாங்க. மூணு வருஷம். இன்னைக்கு அங்க ஆபீஸ் மூடுறதுக்குள்ள பதில் சொல்லியாகணும்.” கேமராவை நேராகப் பார்த்தாள். “நீ என்ன சொல்ற?”

போகாதே என்று அவன் சொல்வதற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்கும். டெரெக் பார்க்கவில்லை. மின்னஞ்சலின் கடைசி வரியில் இருந்தான். டப்ளின் என்பதும் கூப்பிடுகிறார்கள் என்பதும் மட்டும் காதில் விழுந்தன. சக ஊழியரின் வளர்ச்சியை உடனடியாகக் கொண்டாட வேண்டும் என்று அவனுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மதிப்பெண் உண்டு. விரல் தானாகப் போய் வாழ்த்துப் பொத்தானை அழுத்தியது.

திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின.

“அருமை, வாழ்த்துகள். அங்க எங்க டீம் ஆளுங்க இருக்காங்க, தங்கமானவங்க. நான் அறிமுகம் பண்ணி வைக்கிறேன்.”

காகிதம் விழுந்து முடிந்ததும் அவள் முகம் தெரிந்தது. மின்னஞ்சலை அனுப்பிவிட்டு அப்போதுதான் அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

“மிஷின் தப்பு பண்ணிடுச்சுன்னு நெனச்சியா, டெரெக்?” என்றாள். “வருஷத்துக்கு ஒரு தடவை நாமளே ஒருத்தரக் கேட்டு வாங்கிக்கலாம். எல்லாரும் வைஸ் பிரசிடெண்டக் கேப்பாங்க. நான் உன்னக் கேட்டேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்து திரை அணைந்தது. புதிய நண்பரோடு பேசியது எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று இயந்திரம் கேட்டது.

அவள் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக அவனுக்கு உறைத்தது. காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினான். மேஜைமேல் இருந்த பரிசுப் பெட்டி ஒன்று கை பட்டுக் கீழே விழுந்தது.

அவள் அறைக்கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இருப்பவரைக் குடும்பத்தார் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விளக்கு. அது எரியும்போது இருவரில் யாரும் மற்றவர் கதவைத் தட்டியதே இல்லை. தட்ட ஓங்கிய கை, பழக்க தோஷத்தில், அப்படியே நின்றது.

உள்ளே மெரிடித் கம்பெனிக்காரர்களிடம் பேசும் அந்த உற்சாகக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமா, கண்டிப்பா வர்றேன். வீட்லயும் பேசிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.”