ஸ்கேன் ஆகாத ஃபைல்

ஒன்பது மெயில்களையும் அச்செடுத்து வந்து மேசைமேல் விசிறிப் போட்டாள் சல்லடை. ஒன்பதிலும் ஒரே பல்லவிதான்: ஸ்கேனை எடுத்துவிடுங்கள், டவுன்லோடு ஆமை வேகத்தில் நகர்கிறது. ஒன்பதுக்குக் கீழேயும் ஹெல்ப் டெஸ்க் பெண்ணின் பெயர்.

"இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்று முதலாளியைக் கேட்டாள். எதிரே நின்ற ஹெல்ப் டெஸ்க் பெண்ணை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சல்லடை என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள் செய்யும் கம்பெனி அது. இறங்குகிற ஒவ்வொரு ஃபைலையும் வைரஸ் இருக்கிறதா என்று சலித்துப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, ஒரு வருஷம் மாடாய் உழைத்து, அந்த ஸ்கேனை எழுதிச் சேர்த்தவள் அவள். போன மாதம்தான் அது வெளியே வந்தது. ஆபீஸிலும் எல்லோருக்கும் அதையே போட்டார்கள்.

நேற்றுக் காலை ஆபீஸுக்குள்ளேயே வைரஸ் வந்துவிட்டது. பொது ஃபோல்டர் மொத்தமும் பூட்டிக்கொண்டு, மூன்று மாத வேலை பாழாய்ப் போனது. அப்புறம் எதற்கு இந்த ஸ்கேன் என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை.

அவள் எழுதிய ஸ்கேன் கோட்டைவிடாது. யாரோ அதை அணைத்துவிட்டு டிமிக்கி கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தேடி அலைய வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை.

ஹெல்ப் டெஸ்க் பெண், தான் எதையும் அணைக்கவில்லை என்றாள். ஒரு ஃபைல் இறங்க ஒரு நிமிஷம் ஆகிறது, அந்த ஒரு நிமிஷமும் போனில் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது நான்தான், அதனால்தான் மெயில் போட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்கு வேலை நிரந்தரமாகும். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு நிமிஷமா?" சல்லடைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தன் லேப்டாப்பைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய ஃபைலாகப் பார்த்துத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. லேப்டாப்பை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"எனக்கு மட்டும் எப்படி வருது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

அந்தப் பெண் மறுபடியும், நான் அணைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

வைரஸ் எப்படி வந்தது என்று ஆபீஸ் சர்வரைக் கவனிக்கும் சர்வர்காரர் அதன் பதிவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், பத்து நிமிஷம் பொறுக்கலாமே என்றார் முதலாளி. சல்லடையா பொறுப்பாள்? அவள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைக்கூட அவளே அடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதை முதலாளியின் பக்கம் நகர்த்தினாள்.

"என் ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்தவகூட ஒரே ஆபீஸ்ல உக்கார முடியாது சார். ஒண்ணு அவ, இல்ல நான்."

இவள் போனால் கம்பெனி படுத்துவிடும் என்பது முதலாளிக்குத் தெரியும். பேனாவை எடுத்தவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அப்போதும் சல்லடைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வாசலில் அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு நின்ற சர்வர்காரர், கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். வைரஸ் எந்த மெஷின் வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டது என்றார். யாரும் ஸ்கேனை அணைக்கவில்லை. ஆபீஸிலேயே ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கு இருந்திருக்கிறது. வைரஸ் ஃபைல் நேற்றுக் காலை இறங்கியது அந்த மெஷினில்தான்.

சல்லடை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அவளுக்கு விலக்கு குடுத்தது யாரு? அந்த ஆளையும் இன்னைக்கே வெளிய அனுப்பணும் சார்."

சர்வர்காரர் தாளை முதலாளியின் முன்னால் வைத்தார்.

"டெஸ்ட் பண்றப்போ நீங்களே போட்டுக்கிட்டதுதான் மேடம், அது உங்க லேப்டாப்."