நாலு கோடித் தலைகள்

நாலு கோடிப் பேரை இன்று ஒரே விரலால் தலைநிமிர வைக்கிறேன். மகள் வேலை பார்ப்பது, நாலு கோடிப் பேரின் போனில் முடிவே இல்லாமல் வீடியோ ஓட்டும் கம்பெனியில். ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்கு அதை நிறுத்திவைக்க, மூன்று மாதம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். ஆட்கள் கோபித்துக்கொண்டு ஓடினால் அவள் வேலையும் ஓடிவிடும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப், திரையில் ஜன்னல் வெயிலும் அந்த நிறுத்தும் பொத்தானும். அவள் லேப்டாப்பை என் பக்கம் தள்ளுகிறாள். "நீங்களே அமுக்குங்கப்பா." அமுக்குகிறேன். வீடே அதிர்கிறது, சத்தியமாக! காலையிலிருந்து போனில் முகம் புதைத்திருக்கும் மனைவி சோபாவிலிருந்து சொல்கிறாள்: "இவர் அமுக்கினா காலிங்பெல்லே அடிக்காது." அவள் கையில் அலறிக்கொண்டிருந்த வீடியோப் பாட்டு சட்டென்று அடங்குகிறது. மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. மனைவி மெல்ல நிமிர்கிறாள். "கோபமாம்மா?" மகள் எட்டிப் பார்க்கிறாள். மனைவி போனைக் கவிழ்த்து வைக்கிறாள். "கோபமென்ன, கழுத்து வலிதான் விட்டுச்சு. மனுஷன் நிஜமாவே நிறுத்திட்டாருடி!"