வெர்னாவின் விசாரிப்பு

சொராரிட்டி வீட்டில், அதாவது காலேஜ் பெண்கள் சங்கம் நடத்தும் விடுதியில், தங்கிப் படித்தவள் என்றாலே குடியும் கூத்தும்தான், ஒருவனோடு நிலைக்க மாட்டாள் என்பது வெர்னாவின் தீர்மானம். மகன் டிராவிஸ் கட்டிக்கொள்ளப்போகும் ஆஷ்லினும் அந்த ரகம்தான். கல்யாணத்துக்கு முன் விசாரித்துவிட அந்த வீட்டுக்கே போன் போட்டாள்.

“டோத்தன்லேர்ந்து பேசறேன். ஆஷ்லின் எங்க ஆபீஸ்ல வேலை கேட்டிருக்கா. ஆள் எப்படி?”

“தங்கமான பொண்ணு மேடம்,” என்றாள் எடுத்தவள்.

ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுப்பாளா என்று நினைத்த வெர்னா, “பசங்க சகவாசம்?” என்றாள்.

“ஒரே ஒருத்தன்தான். அவனைத்தான் கட்டிக்கப்போறா. எங்களுக்குத்தான் பயமா இருக்கு. ஏற்கெனவே ரெண்டு பொண்ணுங்களுக்கு நிச்சயதார்த்த மோதிரம் போட்டுட்டுக் கைவிட்டவனாம். உங்க ஊர்தான், டிராவிஸ்னு பேரு. அந்தக் குடும்பத்தைத் தெரியுமா மேடம்?”

அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போய் மோதிரத்தைத் திருப்பி வாங்கி வந்தவளே வெர்னாதான்.

“தெரியாதும்மா,” என்று போனை வைத்தாள்.