இரண்டு டிவிக்கும் ஒரே கணக்கு

"ஏய் சின்னவளே! சீரியலை ஒன்பதாவது பாகத்துல நிறுத்திட்டுப் படுத்தேன். இப்போ பன்னிரண்டாவது ஓடுது. நடுவுல இருந்ததை எந்தத் திருடன் தின்னான்?"

மாடியிலிருந்து வந்த சத்தத்தில் மாப்பிள்ளை கையிலிருந்த தண்ணீர் தளும்பியது. மாமியார் வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழே மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சின்ன மகளிடம் சொன்னார். "திருடன்னு யாரைச் சொல்றார்னு உங்க பெரியப்பாவைக் கேளு."

மாடியில் இருக்கும் அண்ணனும் கீழே இருக்கும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி ஏழு மாதம். படிக்கட்டுக்குக் கீழே யார் வண்டி நிற்பது என்று ஆரம்பித்த சண்டை. அப்பா சாவுக்கு யார் அழவில்லை என்பது வரை போய்விட்டது. மாடிக்கு வெளியே தனிப் படிக்கட்டு கட்டக் கொத்தனார் அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அதைக் கட்டிவிட்டால் வீடு இரண்டு. அவ்வளவுதான்.

"என்ன கோளாறு இது?" மாப்பிள்ளை மச்சினிச்சியைக் கேட்டார்.

காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள். கடையில் தூக்கிப்போட வைத்திருந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டாள். வீட்டிலிருந்த டிவிடி அத்தனையையும் அதில் ஏற்றினாள். வைஃபை வழியாக மாடி டிவிக்கும் கீழ் டிவிக்கும் அதுதான் படம் அனுப்புகிறது.

"ரெண்டு டிவிக்கும் ஒரே கணக்கு அத்தான். அப்பா கீழே பார்த்தா பெரியப்பாவும் பார்த்துட்டார்னு அது நினைச்சுக்கும்."

"பின்னாடி போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"பெரியப்பாவுக்கு ரிமோட்ல ரெண்டு பட்டன்தான் தெரியும்."

மாப்பிள்ளை பெரிய ஆபீஸில் நெட்வொர்க் இன்ஜினியர். சிரிப்பு வந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு கணக்கு போடணும்னுகூடத் தெரியாதா? இதைத்தான் அரைகுறைங்கிறது. காலேஜை ஒழுங்கா முடிச்சிருந்தா..."

"படம் எங்கயாவது சுத்துதா? நிக்குதா? இல்லல்ல? விடுங்க."

"பத்து நிமிஷ வேலை. நான் சரி பண்ணிடறேன் மாமா."

"வந்ததும் வராததுமா எதுக்கு மாப்ளே? உக்காருங்க," என்றார் மாமனார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து மாப்பிள்ளை ஸ்டோர் ரூமுக்குள் போனார்.

முதலில் வயர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, எங்கே போகிறது என்று எழுதியிருந்தது. ஃபேனில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவர் ஆபீஸிலேயே இவ்வளவு சுத்தம் கிடையாது. 'பரவாயில்லையே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அமைப்புகளைத் திறந்தார்.

'மாடி', 'கீழே' என்று இரண்டு கணக்கு ஏற்கெனவே இருந்தது. முதல் நாளே போட்டிருக்கிறாள். இரண்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஏழு மாதத்துக்கு முன்னால்.

திரும்பினார். மச்சினிச்சி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயே நிறுத்தினியா?"

"உஷ்! கேளுங்க."

படியில் செருப்புச் சத்தம். பெரியவர் பாதிப் படி இறங்கி நிற்பது தெரிந்தது.

"இவளைக் கேட்டா நான் பார்க்கலைங்கிறா. அந்த டாக்டரை யாரு கொன்னது? சொல்லித் தொலை."

கீழே டிவி சத்தம் குறைந்தது.

"டாக்டர் சாகவே இல்லை," என்றார் மாமனார்.

"என்னடா சொல்றே?"

ஏழு மாதத்தில் அந்த 'டா'வை அந்த வீடு கேட்டதில்லை.

"ஆத்துல கிடந்தது டிரைவர். உக்காரு, சொல்றேன்."

"அந்த மீசைக்காரன் வேலையா? நான் அப்பவே நினைச்சேன்!"

"எங்க நினைச்சே? சமையல்காரிதான்னு இவகிட்ட சொல்லி அனுப்பினே!"

மச்சினிச்சி குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மாசம் நான்தான் தூது போனேன் அத்தான். இந்த மாசம்தான் எனக்குக் கதை தெரியாதுன்னு கையை விரிச்சேன். போன வாரம் படியில நின்னு ஒரு வார்த்தை கேட்டார். உக்காந்தது இன்னைக்குத்தான்."

இரண்டு கிளிக் செய்தால் போதும். மாப்பிள்ளை எதையும் தொடாமல் திரையை மூடினார்.

ஹாலில் பெரியவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வேணாம்ப்பா. வேணும்னா நானே கூப்பிடறேன்." வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். "என்ன, சரி ஆயிடுச்சா?"

"இல்லைங்க. ரொம்பச் சிக்கலா இருக்கு. எனக்குப் பிடிபடலை."

"இவ்வளவு படிச்சு இதுகூடத் தெரியலையா!"

"தெரியலைங்க."

மச்சினிச்சி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, நான் போய்க் கண்ணாடியை எடுத்துட்டு வரேன். இங்கேயே பார்த்துக்கறேன்," என்று பெரியவர் படியேறினார்.

அவர் தலை மறைந்ததும் மாமனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"நல்லவேளை மாப்ளே! நீங்க எங்க சரி பண்ணித் தொலைச்சிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."