காட்டாமணக்கு எண்ணெய்

நாவல் மரத்து அணில் டிராக்டரை முழுசாக நம்பியது. "இனி டீசலே வேண்டாம் அக்கா. இந்தக் காட்டில் காட்டாமணக்கு நட்டு, அந்த எண்ணெயிலேயே ஓடுவேன். புகையும் குறையும்" என்று அது சொன்னதால்தான், சுற்றியிருந்த மரங்கள் விழுந்தபோதும் அணில் வாயைத் திறக்கவில்லை.

காய் பறித்து எண்ணெயும் ஆட்டியாயிற்று.

"செலவு போக எவ்வளவு தம்பி மிச்சம்?" என்று ஆசையாய்க் கேட்டது அணில்.

"உழுவதற்கும் தண்ணீர் இறைப்பதற்கும் காய் சுமப்பதற்கும் நான் குடித்த டீசலுக்கே இந்த எண்ணெய் ஈடாகவில்லை அக்கா."

"அப்புறமென்ன, விட்டுவிட வேண்டியதுதானே?"

"இன்னும் நிறைய நட்டால் மிஞ்சும் என்கிறார்கள், என்னை ஓட்டுகிறவர்கள். நாளைக்கு உன் மரம்."

அணில் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஏறிக்கொள்ள ஒரு மரம்கூட இல்லை.